காயலான் கடை கார் என்ஜினில் விமானம்: பறக்கும்தான், ஆனா காசு மிச்சமாகுமா?

1930 ஏப்ரல். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்ற சின்னக் கிராமத்தைச் சேர்ந்த மெக்கானிக் பெர்னார்டு பீட்டன்பால், ஒரு பத்திரிகை ஆசிரியருக்குப் பதில் சொல்லக் கிளம்பினார். கார் என்ஜினை வைத்து உருப்படியாக விமானம் ஓட்ட முடியாது என்பது அந்த ஆசிரியரின் கட்சி. பீட்டன்பால் கடிதத்தோடு நிறுத்தவில்லை. ஃபோர்டு மாடல் ஏ கார் என்ஜின் பொருத்திய இரண்டு விமானங்கள் மினியாபோலிஸ் பக்கம் போய் இறங்கின. ஆசிரியர் கட்சி மாறினார். அந்த விமானத்தின் வரைபடங்கள் அவருடைய பத்திரிகை வழியாகவே வெளியாகின.

விமானத்தின் பெயர் ஏர் கேம்பர். மரச்சட்டம், துணி போர்த்திய இறக்கை, இரண்டு இருக்கை, 40 குதிரைத்திறன். அதே வரைபடத்தை வைத்து இன்றைக்கும் வீட்டு கராஜில் ஏர் கேம்பர் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, கார் என்ஜினில் விமானம் பறக்குமா என்ற கேள்விக்கு 90 வருஷத்துக்கு முன்பே பதில் வந்தாச்சு. இப்போது யூடியூபில் இப்படியொரு வீடியோ பார்க்கும்போது மனசில் எழுவது அடுத்த கேள்வி: "அப்போ எதுக்கு லட்சக்கணக்கில் கொட்டி விமான என்ஜின் வாங்கணும்? ஆக்சிடென்ட் ஆன கார்ல இருந்து ஒண்ணைக் கழற்றிப் போட்டா முடிஞ்சுதே?"

முடியாது. அதாவது, பறப்பது முடியும். அவ்வளவு சுலபமாக முடியாது. பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் இதில் இறங்குபவர், மிச்சம் பிடிக்கவும் போவதில்லை, நிம்மதியாகப் பறக்கவும் போவதில்லை. ஏன் என்று பார்க்கலாம்.

ஆசை எங்கிருந்து வருகிறது?

சின்ன விமானங்களில் பரவலாக இருக்கும் என்ஜின்களில் ஒன்று லைகமிங் ஓ-320. 1950களின் வடிவமைப்பு. 5.2 லிட்டர் கொள்ளளவு. இவ்வளவு பெரிய என்ஜின் தருவது 150 முதல் 160 குதிரைத்திறன். புதிதாக வாங்கினால் 30,000 டாலரைத் தாண்டும். எடை குறைந்த விமானங்களில் போடும் 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 என்ஜினுக்கே 20,000 டாலருக்கு மேல் ஆகிறது.

மறுபக்கம், சாதாரண 1.5 லிட்டர் கார் என்ஜின் 100 குதிரைத்திறனை அலட்டாமல் தருகிறது. காயலான் கடையில் விலை பேசினால் ஒரு ஸ்மார்ட்போன் காசுக்கு, மிஞ்சினால் ஒரு பைக் காசுக்கு வந்துவிடும்.

கணக்கு கண்ணைக் கட்டத்தான் செய்யும். விமான என்ஜின் விலையில் பெரும்பங்கு உலோகத்துக்குப் போவதில்லை. கார் என்ஜின் லட்சக்கணக்கில் தயாராகிறது, விமான என்ஜின் ஆயிரக்கணக்கில். சான்றிதழ் சோதனைச் செலவும் விபத்து நடந்தால் வரும் வழக்குச் செலவும் அந்தச் சில ஆயிரம் என்ஜின்கள் தலையில்தான் விழுகின்றன.

கார் என்ஜின் பக்கம் வேறு நியாயங்களும் உண்டு. பழைய விமான என்ஜின்கள் பல, ஈயம் கலந்த விமானப் பெட்ரோலை நம்பி ஓடுகின்றன. அதில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். கார் என்ஜினுக்கு அது வேண்டாம், சாதாரண பங்க் பெட்ரோல் போதும். ஸ்பேர் பார்ட்ஸ் ஊருக்கு ஊர் கிடைக்கும். இதையெல்லாம் மறுப்பதற்கில்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

புரொப்பெல்லரின் நுனியில்.

லைகமிங் நிமிடத்துக்கு 2,700 சுற்று ஓடும். 1.8 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை அது நேரடியாகச் சுற்றினால், நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 916 கிலோமீட்டர். ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,225 கிலோமீட்டர். நுனி அதற்குக் கீழே இருக்கும்வரை புரொப்பெல்லர் ஒழுங்காகக் காற்றைத் தள்ளும்.

கார் என்ஜின் அந்த 100 குதிரைத்திறனைத் தர வேண்டுமானால் 5,500 சுற்றாவது ஓட வேண்டும். அதே புரொப்பெல்லரை அதில் நேரடியாக மாட்டினால் நுனி வேகம் 1,860 கிலோமீட்டரைத் தாண்டும். காதைக் கிழிக்கும் சத்தம் வரும், இழுவிசை வராது. எரிபொருள் பெரும்பாலும் சத்தமாகவே கரையும்.

அதனால் நடுவில் ஒரு கியர்பாக்ஸோ பெல்ட்டோ போட்டு, வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும். இந்த யோசனை புதிதல்ல. 1903இல் ரைட் சகோதரர்கள் தேடிய மாதிரி என்ஜினை எந்த கார் கம்பெனியும் தரவில்லை. அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர்தான் 12 குதிரைத்திறன் என்ஜினைச் செய்து கொடுத்தார். அந்த என்ஜின் புரொப்பெல்லரைச் சுற்றியது சைக்கிள் செயின் மாதிரியான ஒரு செயின் வழியாகத்தான். அங்கும் புரொப்பெல்லரின் வேகம் என்ஜின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

கியர்பாக்ஸ் போட்டால் சரியாகிவிடுமா?

இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

காரை நாலாவது கியரில் வைத்துக்கொண்டு ரொம்ப மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வண்டியே குலுங்கும். காரணம், என்ஜின் ஒரே சீராகத் திருப்புவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது ஒரு உதை, பிறகு ஒரு தளர்வு, மறுபடி ஓர் உதை. நாலு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு உதை.

காரில் இந்த உதையைக் கிளட்ச் ஸ்பிரிங், டயர், ரப்பர் மவுண்ட் எல்லாம் பங்கு போட்டுத் தாங்கிக்கொள்கின்றன. விமானத்தில் அந்த ஏற்பாடு கிடையாது. ஒரு முனையில் உதைக்கும் என்ஜின், மறுமுனையில் லேசில் வேகம் மாறாத கனமான புரொப்பெல்லர், நடுவில் மாட்டிக்கொண்ட கியர் பற்கள். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு கூடிக்கொண்டே போகுமே, அதுபோலக் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் இந்த முறுக்கு அதிர்வு பெருகும். அந்த வேகத்தில் தொடர்ந்து ஓடினால் பல் தெறிக்கும். அல்லது தண்டு முறியும்.

இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காதால் கேட்டும் சொல்லிவிட முடியாது. என்ஜின், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் மூன்றையும் ஒன்றாக அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் ஒன்றை மாற்றினாலும் முழுக் கணக்கும் மாறும். நண்பரின் விமானத்தில் 200 மணி நேரம் ஓடிய கியர்பாக்ஸ், வேறு புரொப்பெல்லரோடு 20 மணி நேரத்தில் போய்விடலாம்.

கியரே இல்லாமல் ஓட்ட முடியாதா?

முடியும். அதற்குப் பெயர்போனது ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்ஜின். காற்றால் குளிர்வது, படுக்கை வாட்டில் நாலு சிலிண்டர், தண்ணீர் தேவையில்லை. சுமார் 1.4 மீட்டர் புரொப்பெல்லரை 3,300 சுற்றில் நேரடியாகச் சுற்றினால் நுனி வேகம் 870 கிலோமீட்டர்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ குட்டி விமானங்கள் இப்படிப் பறந்திருக்கின்றன. விலை என்ன என்றால், திறன். 60 முதல் 80 குதிரைத்திறனோடு திருப்தி அடைய வேண்டும்.

இதே வகையில் இன்னொன்று, செவர்லே கோர்வேர் காரின் ஆறு சிலிண்டர் என்ஜின். பீட்டன்பாலே 1960களில் தன் விமானத்துக்கு இதை எடுத்துக்கொண்டார். பல பத்தாண்டுகள் நல்ல பெயர். பிறகு, வேகமான விமானங்களில் போட ஆரம்பித்தபோது சில கிராங்க் ஷாஃப்ட்கள் முறிந்தன.

காரணத்தைத் தேடியபோது எளிமையான விஷயம்தான் வெளியே வந்தது. காரில் கிராங்க் ஷாஃப்டின் வேலை திருப்புவது மட்டும். விமானத்தில் அதன் முனையில் ஒரு புரொப்பெல்லர் தொங்குகிறது. மூக்கை மேலே தூக்கும்போதும் திரும்பும்போதும் அந்தப் புரொப்பெல்லர் பம்பரம் மாதிரி எதிர்த்து நின்று தண்டை வளைக்கப் பார்க்கிறது. அந்தப் பாரத்தை நினைத்து யாரும் கார் என்ஜினை வடிவமைக்கவில்லை. இப்போது கோர்வேர் என்ஜினைப் போடுகிறவர்கள் தண்டின் மேற்பரப்பை நைட்ரைடிங் முறையில் கெட்டிப்படுத்தி, முன்பக்கம் கூடுதலாக ஒரு பேரிங் சேர்க்கிறார்கள்.

கார் என்ஜினே ஆகாதா, அப்போ?

அப்படியில்லை. இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் தப்பாகப் பேசுவது இந்த இடத்தில்தான்.

ஒரு பக்கம் சொல்வது: "கார் என்ஜின் நாள் முழுக்க முக்கால்வாசித் திறனில் ஓடத் தாங்காது." சமதளத்தில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சின்ன காருக்கு அதன் திறனில் கால்பங்குகூடத் தேவையில்லை என்பது உண்மைதான். விமானமோ முழுத் திறனில் மேலேறி, முக்கால் திறனில் மணிக்கணக்காகப் பறக்கும். ஆனால், கார் கம்பெனிகள் புது என்ஜினைச் சோதனைக் கூடத்தில் முழுப் பாரம் ஏற்றி நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டித்தான் வெளியே விடுகின்றன. பிஸ்டனும் பிளாக்கும் லேசில் கைவிடுவதில்லை.

மறுபக்கம் சொல்வது: "என் கார் ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஒரு பிரச்னை இல்ல." அதுவும் உண்மை. ஆனால் அந்த இரண்டு லட்சம் கிலோமீட்டரை ஓட்டியது என்ஜின் மட்டும் இல்லை. அதோடு வந்த ரேடியேட்டர், பெட்ரோல் டேங்க், பம்ப், ஒயரிங், கணினி எல்லாம் சேர்ந்து. விமானத்துக்கு வரும்போது என்ஜின் மட்டும்தான் கூட வருகிறது. மற்றதெல்லாம் கராஜில் ஒருவர் தன் கையால் புதிதாகச் செய்தவை. அவற்றுக்கு ஒரு கிலோமீட்டர் அனுபவம்கூட இல்லை.

குளிர்விப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேலேறும்போதுதான் என்ஜின் அதிகம் சூடாகும். அப்போதுதான் காற்றின் வேகம் குறைவு. ரேடியேட்டர் சின்னதாக இருந்தால் கொதிக்கும், பெரிதாக இருந்தால் காற்றை எதிர்த்து விமானத்தின் வேகத்தைத் தின்னும். பெட்ரோல் குழாயைச் சூடான என்ஜின் மேலாகக் கொண்டுபோனால் உள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும்.

மின்சாரம் இன்னும் பெரிய விஷயம். பழைய விமான என்ஜினில் இரண்டு மேக்னெட்டோ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். பேட்டரி முழுக்கச் செத்தாலும் என்ஜின் ஓடும். இன்றைய கார் என்ஜினில் பம்ப், இன்ஜெக்டர், ஸ்பார்க் எல்லாமே மின்சாரம். ஒரு ஒயர் கழன்றால் மொத்தமும் நிற்கும். சாலையில் அப்படி நடந்தால் ஓரங்கட்டி ஆளைக் கூப்பிடலாம். 300 மீட்டர் உயரத்தில் நின்றால் தரைக்கு வந்து சேர ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. அதற்குள் இறங்க ஓர் இடம் பார்த்தாக வேண்டும்.

பெரிய கம்பெனிகள் என்ன பட்டன?

கராஜ் ஆட்களை விடுங்கள். போர்ஷே 1980களில் தன்னுடைய புகழ்பெற்ற 911 கார் என்ஜினை விமானத்துக்கு மாற்றி, முறையாகச் சான்றிதழும் வாங்கியது. மூனி கம்பெனியின் விமானத்தில் அது வந்தது. சுமார் நாற்பது விமானங்களோடு கதை முடிந்தது. 1990களின் தொடக்கத்திலேயே போர்ஷே தயாரிப்பை நிறுத்திவிட்டது.

ஜெர்மனியின் டீலர்ட் நிறுவனம் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் 1.7 லிட்டர் டீசல் என்ஜினை எடுத்து 135 குதிரைத்திறன் விமான என்ஜினாக மாற்றி, 2002இல் சான்றிதழ் பெற்றது. என்ஜின் நன்றாகவே ஓடியது. தொல்லை கொடுத்தது கியர்பாக்ஸ். 300 மணி நேரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி அனுப்ப வேண்டியிருந்தது. 2007இல் ஜெர்மனியின் ஷ்பையர் நகரில், இந்த என்ஜின்கள் இரண்டு கொண்ட டைமண்ட் டிஏ42 விமானம் பேட்டரி தீர்ந்த நிலையில் வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்யப்பட்டுக் கிளம்பியது. சக்கரத்தை உள்ளே இழுத்த அந்த நொடியில் மின்னழுத்தம் விழுந்தது. என்ஜின் கணினிகள் மறுதொடக்கம் ஆக, இரண்டு என்ஜினும் நின்றன. அதற்குப் பிறகு கணினிகளுக்குத் தனி பேட்டரி சேர்க்கப்பட்டது. 2008இல் நிறுவனம் திவாலானது.

இதே பாதையில் வந்த ஆஸ்ட்ரோ என்ஜின் நிறுவனம், வேறொரு மெர்சிடிஸ் டீசல் என்ஜினை வைத்து 2009இல் சான்றிதழ் வாங்கியது. அந்த என்ஜின் இன்று உலகம் முழுக்கப் பயிற்சி விமானங்களில் பறக்கிறது. ஆக, கார் என்ஜின் விமானத்துக்கு ஆகும். பொறியாளர் படையும் பல வருஷமும் பெரும் முதலீடும் இருந்தால், சில தோல்விகளுக்குப் பிறகு ஆகும். இத்தனையும் வைத்திருந்தவர்களையே கியர்பாக்ஸும் பேட்டரியும் தடுக்கி விட்டன என்பதை, வார இறுதியில் தனியாகக் கட்டுகிறவர் மறக்கக் கூடாது.

யாருக்கு ஆபத்து?

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2011 கணக்குப்படி, அந்நாட்டின் பொது விமானங்களில் இவை ஏறத்தாழ 10 சதவீதம். விபத்துகளில் இவற்றின் பங்கு 15 சதவீதம். உயிர்ப்பலி விபத்துகளில் 21 சதவீதம். விபத்துகளில் முன்னால் நின்ற இரண்டு காரணங்கள்: என்ஜின் பகுதிக் கோளாறு, பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பு.

இது கார் என்ஜின் விமானங்களின் கணக்கு மட்டுமல்ல, வீட்டில் கட்டிய எல்லா விமானங்களுடையதும். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு தகவல் இருக்கிறது. அந்த வருஷம் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, கட்டியவரிடமிருந்து கைமாறி வேறொருவர் வாங்கி ஓட்டிய விமானங்கள்.

கார் என்ஜின் விஷயத்தில் இதுதான் கவலைக்குரிய இடம். கட்டியவருக்கு ஒவ்வொரு ஒயரும் மனப்பாடம். எந்த வேகத்தில் அதிரும், எந்த வெயிலில் கொதிக்கும் என்று உடம்புக்கே தெரியும். அவர் விற்றுவிட்டால் அந்த அறிவு விமானத்தோடு போவதில்லை. வாங்கியவர் எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும், அவர் முதல்முறையாகப் பார்க்கும் என்ஜின் அமைப்பாகத்தான் அது இருக்கும். விவரக் கையேடு கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ஒரு விமானத்தின் பெரும்பகுதி வேலையை ஆர்வலரே கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருந்தால் அதற்கு 'பரிசோதனை' வகைச் சான்று கிடைக்கும். சான்றிதழ் பெற்ற என்ஜின்-புரொப்பெல்லர் ஜோடி என்றால் வழக்கமாக 25 மணி நேரச் சோதனைப் பறப்பு. கார் என்ஜின் மாதிரி சான்றிதழ் இல்லாதது என்றால் 40 மணி நேரம். அதுவரை ஒதுக்கப்பட்ட பகுதிக்குள்தான் பறக்க வேண்டும், பயணிகளை ஏற்றக் கூடாது. பிறகும், இந்த விமானம் வழக்கமான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்ற எச்சரிக்கை, பயணியின் கண்ணில் படும்படி உள்ளே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் பதிவும் டிஜிசிஏ அனுமதியும் இல்லாமல் விமானத்தை மேலே எழுப்ப முடியாது. மும்பை விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம், 2016 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் நாடே பார்த்தது. அதற்குப் பதிவு கிடைத்தது 2017இல், பறக்க அனுமதி 2019இல். "நம்ம ஊர்ல திறமைக்கு மதிப்பில்ல" என்று வீடியோவுக்குக் கீழே கமென்ட் போடுவது சுலபம். தாமதம் குறைய வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். சோதனையே வேண்டாம் என்பது நியாயமில்லை. விமானம் விழுவது எப்போதும் சொந்த வயலில் மட்டும் என்று சொல்ல முடியாது.

சரி, யார் செய்யலாம்?

கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம். என்ஜின் மலிவு. அதன் மேல் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், இரண்டாவது பம்ப், இரண்டாவது பேட்டரி, லேத் வேலை, மவுண்ட், மாற்றி மாற்றி வாங்கிப் பார்க்கும் புரொப்பெல்லர்கள். எடையும் கூடும், கூடிய ஒவ்வொரு கிலோவும் பெட்ரோலிலிருந்தோ ஆளிலிருந்தோ கழியும். மேலே வருஷங்கள். கடைசியில் விற்கப் போனால், பழைய லைகமிங் போட்ட விமானத்துக்கு வரும் விலை இதற்கு வராது. பறப்பதுதான் நோக்கம் என்றால், ஓடித் தேய்ந்த விமான என்ஜின் ஒன்றை வாங்கி முறையாகச் சர்வீஸ் செய்வது, பலருக்கு மொத்தத்தில் குறைவாகவே முடியும்.

ஆனால் என்ஜினையே நேசிப்பவர், அதிர்வை அளந்து பார்ப்பதில் பறப்பதைவிட அதிக சந்தோஷம் காண்பவர் என்று சிலர் இருக்கிறார்கள். பீட்டன்பால் அந்த ரகம். அவர்களுக்கு வழியை அடைக்கக் கூடாது. அவர்கள் செய்ய வேண்டியதும் தெளிவாகத்தான் இருக்கிறது. ஏற்கனவே பலர் ஓட்டிச் சோதித்த என்ஜின்-கியர்பாக்ஸ்-புரொப்பெல்லர் சேர்க்கையை அப்படியே எடுத்துக்கொள்வது, அதில் 'சின்ன இம்ப்ரூவ்மென்ட்' செய்யாமல் இருப்பது. விமானத்தைக் கட்டிப்போட்டு, மூக்கை மேலேறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து, முழுத் திறனில் எரிபொருள் ஓட்டத்தை அளப்பது. பம்பையும் பேட்டரியையும் தரையிலேயே ஒவ்வொன்றாக அணைத்து, எது நின்றால் என்ன ஆகிறது என்று பார்ப்பது. எல்லாவற்றையும் எழுதி வைப்பது.

அந்தக் குறிப்பேடு விமானத்தின் ஒரு பாகமாகவே கருதப்பட வேண்டும். விற்கும்போது சாவியோடு அதையும் கொடுப்பதை விதியாகவே ஆக்கலாம். இரண்டாவதாக வாங்குபவர் என்ஜினைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டியதும் அதைத்தான். குறிப்பேடு இல்லை என்றால், என்ன விலை சொன்னாலும் அந்த விமானம் அதிக விலைதான்.